கேட்பவர்களாக மட்டும் இருந்துவிடலாமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்

இன்றைய உலகம் கம்பியில்லா உலகம். பேச்சும் பாட்டும் படமும் கண்ணுக்குத் தெரியாத அலைகளாய் வந்து நம் கைகளில் இறங்குகின்றன. மாலையில் நம் கல்லூரி வாயிலில் பேருந்துக்குக் காத்திருக்கும் நண்பர்களைப் பாருங்கள். பலர் காதிலும் ஒரு சிறு செவிப்பொறி இருக்கும். அதில் ஏதோ ஒரு பாட்டு ஓடும். சட்டைப் பையிலிருக்கும் கைப்பேசியிலிருந்து அந்தப் பாட்டு காதுக்கு எவ்வாறு தாவியது என்று கேட்டால், "புளூடூத்" என்று ஒரே சொல்லில் பதில் வரும். ஒரு பொருளின் பெயரைச் சொல்வது அதை விளக்குவது ஆகாது. இயற்பியல் பயிலும் நம்மிடமும் அந்த ஒற்றைச் சொல்லுக்கு மேல் விளக்கம் இல்லை என்பதே என் கவலை.

உள்ளங்கையளவு கணிப்பொறிப் பலகை ஒன்றைக் கொண்டு அந்தத் தாவலை நாமே நிகழ்த்திப் பார்க்கலாம். நம்மைப் போன்ற அரசுக் கல்லூரி மாணவர்கள் அதைச் செய்து பார்க்க வேண்டும். கல்லூரியும் அதற்கு இடம் தர வேண்டும். இதுவே நான் வாசகர்முன் வைக்கும் கருத்து.

துளை போன கதை

நான் சோமனூர்ப் பக்கத்துக்காரன். என் தந்தையார் விசைத்தறித் தொழிலாளி. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எங்கள் பக்கத்துத் தறிக்குடோன்களுக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும். அங்கே தறியோசைக்குப் போட்டியாகப் பாட்டும் ஓடிக்கொண்டேயிருக்கும். இரவு ஷிப்டில் தறி ஓட்டுபவருக்குப் பாட்டு வெறும் பொழுதுபோக்கு அன்று. அது தூக்கத்தை விரட்டும் துணை. முன்னாளில் வானொலி பாடியது, பிறகு டேப் ரெக்கார்டர் வந்தது, பிறகு சி.டி. வந்தது, இன்று கைப்பேசி பாடுகிறது. மாறாமல் இருப்பது ஆம்ப்ளிஃபயரும் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளும்தாம்.

கைப்பேசிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே பாலமாக இருந்தது ஒரு கம்பி. அந்தக் கம்பியைச் செருகக் கைப்பேசியில் மூன்றரை மில்லிமீட்டர்த் துளை ஒன்று இருந்தது. 2016இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோன் 7இல் அந்தத் துளையை எடுத்துவிட்டது. பின்னர் வேறு பல நிறுவனங்களும் அவ்வழியே நடந்தன. அமெரிக்காவில் எடுத்த அந்த முடிவு எங்கள் தறிக்குடோன் வரை வந்து சேர்ந்தது. தந்தையார் தவணையில் வாங்கிய புதுக் கைப்பேசியில் துளை இல்லை. பல ஆண்டுகளாக ஒரு குறையும் சொல்லாமல் உழைத்த ஆம்ப்ளிஃபயர், பழுதுபடாமலே பயனற்றுப் போயிற்று.

ஒரு பொருள் உடைந்து போவது வேறு. உடையாமலே ஒதுக்கப்படுவது வேறு. முன்னதை ரிப்பேர்க் கடையில் சரி செய்யலாம். பின்னதற்கு அறிவு ஒன்றுதான் மருந்து.

பலகை பிறந்த காரணம்

படிப்பை முடித்துச் சென்ற மூத்த மாணவர் ஒருவர் தாம் பயன்படுத்திய ராஸ்பெரி பை 3 என்ற பலகையை எனக்குத் தந்தார். அடையாள அட்டை அளவுதான் இருக்கும். ஆயினும் அது ஒரு முழுக் கணிப்பொறி. செயலி, நினைவகம், தொலைக்காட்சியை இணைக்கும் வாய், யு.எஸ்.பி. துளைகள் எல்லாம் அந்த ஒற்றைப் பலகையிலேயே அடக்கம். வட்டு இல்லை, கைப்பேசியில் போடும் நினைவட்டைதான் அதற்கு வட்டு. நம் கைப்பேசியில் காணாமற்போன மூன்றரை மில்லிமீட்டர்த் துளை அதில் இருக்கிறது!

இப்பலகை பிறந்த காரணம் நாம் அறிய வேண்டிய ஒன்று. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியியல் படிக்க வரும் மாணவர்களின் எண்ணிக்கையும் திறமையும் குறைந்துவருவதை எபன் அப்டன் என்பவரும் அவருடைய தோழர்களும் கவனித்தார்கள். 1980களில் பி.பி.சி. மைக்ரோ போன்ற வீட்டுக் கணிப்பொறிகள் இருந்தன. பொத்தானை அழுத்தினால் "நிரல் எழுது" என்று காத்து நிற்கும் இயந்திரங்கள் அவை. பின்னாளில் வந்தவையோ விளையாடவும் பார்க்கவும் மட்டுமே அழைத்தன. ஆகவே மாணவன் அச்சமின்றித் தொட்டுப் பழகுவதற்கென்று மலிவான கணிப்பொறி ஒன்றைச் செய்ய அவர்கள் முனைந்தார்கள். 2012 பிப்ரவரி 29ஆம் நாள் முதல் பலகை 35 டாலர் விலையில் வெளிவந்தது. 2016இல் வந்த மூன்றாம் வகைப் பலகையில் புளூடூத்தும் வைஃபையும் உள்ளேயே அமைந்தன.

கேம்பிரிட்ஜில் படிக்க வந்த பிள்ளைகளே வெறும் பயனாளிகளாகிவிட்டார்கள் என்று அங்கே கவலைப்பட்டிருக்கிறார்கள். கோவைக்குக் கிழக்கே தறியோசைக்கு நடுவில் வளர்ந்தவர்கள் அதைவிட அதிகம் கவலைப்பட வேண்டாமா?

அலை செய்யும் வேலை

கைப்பேசியிலிருந்து பலகைக்குப் பாட்டு செல்லும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் வகுப்பில் படித்த பாடங்கள் இவ்வழியில் ஒவ்வொன்றாக எதிர்ப்படும்.

பாட்டின் ஒலியலையை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளில் எழுதுகிறார்கள். இடம், வலம் என இரண்டு வழிகளுக்கும் பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 14,11,200 பிட்டுகள் ஆகின்றன. அத்தனையையும் அப்படியே அனுப்பினால் புளூடூத்துக்குச் சுமை. ஆதலால் எஸ்.பி.சி. என்ற முறையில் கைப்பேசி அதைச் சுருக்குகிறது. ஒலியை நான்கு அல்லது எட்டு அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, தேவை மிகுந்த பட்டைக்கு மிகுதியாகவும் மற்றவற்றுக்குக் குறைவாகவும் பிட்டுகளைப் பங்கிடுகிறது. நல்ல தரத்தில் அனுப்பினாலும் நொடிக்கு ஏறத்தாழ 3,28,000 பிட்டுகளே செல்கின்றன. அதாவது மூலத்தில் நாலில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஃபூரியர் பகுப்பாய்வைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த நமக்கு, அது பாட்டின் உருவில் வேலை செய்வதைக் காண்பது தனி மகிழ்ச்சி.

சுருங்கிய பாட்டு 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைகளில் ஏறிப் புறப்படுகிறது. அந்தப் பட்டையில் புளூடூத்துக்கு 79 பாதைகள் உண்டு. ஒரே பாதையில் அது செல்வதில்லை. நொடிக்கு 1,600 முறை பாதை மாறிக்கொண்டே ஓடுகிறது. அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் அந்த மாற்றத்தின் வரிசை தெரியும். வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே பட்டையில் இரைச்சலிட்டாலும் பாட்டு தப்பி வருவது இதனால்தான். இத்தகைய பாதை மாற்றத்துக்கு 1942லேயே காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் ஹெடி லமார் என்ற ஹாலிவுட் நடிகை; மற்றொருவர் ஜார்ஜ் ஆன்தைல் என்ற இசையமைப்பாளர். கடற்படையின் நீர்மூழ்கிக் குண்டுகளை வழிநடத்தும் வானொலிக் குறிகளைப் பகைவர் குலைக்காதிருக்க அவர்கள் எண்ணிய வழி அது. 1990களில் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்துப் பொறியாளர்கள் புளூடூத்தை உருவாக்கியபோது, பாதை மாறும் இந்த முறையே அதற்கு அடிப்படையாயிற்று.

2.4 கிகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் என்ன? ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் பன்னிரண்டரை சென்டிமீட்டர் என்று வரும். இந்த அலையைத் தண்ணீர் நன்றாக விழுங்கும். மனித உடலிலோ பெரும்பகுதி தண்ணீர்தான். தந்தையார் கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டு பலகைக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் பாட்டு விட்டு விட்டு ஒலித்ததற்குக் காரணம் இதுதான். இரும்புத் தறிகள் அலையை மறைத்தும் எதிரொளித்தும் தம் பங்கைச் செய்தன. பாடநூலில் ஒரு வரியாக இருந்த உறிஞ்சலும் எதிரொளிப்பும் எங்கள் குடோனில் உயிர்பெற்று நின்றன.

இனிப் பலகையின் பங்கு. கைப்பேசி "தருபவர்", பலகை "பெறுபவர்". ஆனால் கணிப்பொறி வழக்கமாகப் பாட்டைத் தருகிற பக்கத்திலேயே இருந்து பழகியது. எனவே "நானும் ஓர் ஒலிபெருக்கிதான்" என்று அது கைப்பேசிக்கு அறிமுகம் செய்துகொள்ளுமாறு அமைக்க வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தில் புளூடூத் வேலையைக் கவனிப்பது புளூஸீ என்ற மென்பொருள். வந்த ஒலியைப் பெற்று உரிய வாயிலுக்கு அனுப்புவது பல்ஸ் ஆடியோ அல்லது பைப்வயர் என்ற மற்றொன்று. இவை யாவும் விலையில்லாதவை. எவரும் உள்ளே திறந்து படிக்கத்தக்கவை. கைப்பேசியையும் பலகையையும் இணை சேர்த்து, "இவரை நம்பலாம்" என்று ஒருமுறை பதிந்துவிட்டால், மறுநாள் முதல் தாமாகவே கைகோத்துக்கொள்ளும்.

இரண்டு இடர்கள் வந்தன. அந்தப் பலகையில் வைஃபைக்கும் புளூடூத்துக்கும் ஒரே சில்லு, ஒரே ஆன்டெனா. இரண்டும் ஒரே நேரத்தில் உழைத்தால் பாட்டு திக்கித் திணறுகிறது. வைஃபையை அணைத்ததும் தெளிந்தது. அடுத்து, பலகையின் ஒலித்துளையில் வரும் ஓசை அத்தனை தூய்மையானது அன்று. மெல்லிய இரைச்சல் கூடவே வரும். யு.எஸ்.பி. துளையில் சிறிய ஒலி அட்டை ஒன்றைச் செருகியதும் அதுவும் நீங்கிற்று. பழைய ஆம்ப்ளிஃபயர் மீண்டும் பாடியது.

ஆயத்தப் பொருள் போதாதா?

எல்லாம் முடிந்தபின் தந்தையார் கேட்ட கேள்வி நியாயமானது: "ஏஞ் சாமி, இதே வேலையச் செய்யற டப்பாவக் கடையில முந்நூறு ரூவாய்க்கு விக்கறாங்களாமே?"

உண்மைதான். விற்கிறார்கள். பாட்டுக் கேட்பது மட்டுமே நோக்கமென்றால் அந்த டப்பாவையே வாங்குங்கள் என்றுதான் நானும் சொல்வேன். பலகையின் விலை சில ஆயிரம் ரூபாய். கூலி வேலை செய்யும் குடும்பத்தில் அது விளையாட்டுப் பணம் அன்று. அதை மறைத்துவிட்டு அறிவியல் ஆர்வம் பேசுவது நேர்மை ஆகாது.

ஆனால் அந்த டப்பாவைத் திறந்து பாருங்கள். கறுப்பாய் ஒரு சில்லு இருக்கும். அது பாடும், கேள்விக்குப் பதில் சொல்லாது. பாட்டு ஏன் திணறுகிறது என்று கேட்டால் பேசாமல் இருக்கும். பலகையோ தான் செய்வதையெல்லாம் வரிவரியாக எழுதிக் காட்டுகிறது. எந்த முறையில் சுருக்கிய ஒலி வந்தது, எப்போது இணைப்பு அறுந்தது என்று கேட்கலாம், மாற்றலாம், கெடுக்கலாம், மீண்டும் சரிசெய்யலாம். நினைவட்டையை அழித்து எழுதினால் புதிதாகப் பிறந்துவிடும். தவறு செய்ய அஞ்ச வேண்டாத ஆய்வுக்கூடம் வேறு எங்கே கிடைக்கும்?

மேலும், டப்பாவுக்குப் பாட்டு ஒன்றே தொழில். பலகைக்கு அப்படியில்லை. இன்று பாட்டை வாங்கும் அதே பலகை நாளை தறி எத்தனை முறை ஓடிற்று என்று எண்ணலாம். கிணற்று மோட்டாரைக் காவல் காக்கலாம். நம் இயற்பியல் ஆய்வகத்தில் ஊசல் ஆடும் நேரத்தை அளக்கலாம். முந்நூறு ரூபாய்க்குப் பாட்டு கிடைக்கிறது. பலகையின் விலைக்குப் பயிற்சி கிடைக்கிறது.

இன்னொரு தடையையும் சொல்ல வேண்டும். இப்பலகையும் அயல்நாட்டுப் பொருள்தான். அதன் சில்லில் நமக்குத் திறக்காத அறைகளும் உண்டு. முழுச் சுதந்திரம் இதிலும் இல்லை. அதனால்தான் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு உருவாக்கிய "சக்தி" செயலியைப் பற்றிப் படிக்கையில் உள்ளம் நிமிர்கிறது. 2018இல் அச்செயலி லினக்ஸை இயக்கிக் காட்டியது. அதன் வடிவமைப்பு எல்லாரும் காணத் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அத்தகைய செயலியை நாளை பயன்படுத்தப் போகிறவர்கள் இன்று ஏதேனும் ஒரு பலகையில் கைபழகியிருக்க வேண்டும் அல்லவா?

கோவை கற்றுத் தந்த பாடம்

நமக்கு இது புதிய பாடமும் அன்று. கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்னும் சிற்றூரில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். கோவைக்கு வந்து உணவு விடுதியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதன்மேல் ஏறி ஊர்வலம் வந்ததோடு நிற்கவில்லை. அதைப் பிரித்துப் போட்டு மீண்டும் பூட்டினார். அந்தப் பிரித்துப் பூட்டலில்தான் அவருடைய கல்வி தொடங்கியது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டினார். 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் செய்தார். இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று அதைப் போற்றுகிறார்கள். 1941இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்கு இங்கேயே செய்து தர முடியும் என்று அறிவித்தார். 1945இல் அவர் முயற்சியால் எழுந்த தொழிற்கல்விக் கூடமே இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம்.

கோவையின் பம்பும் மோட்டாரும் வார்ப்பட ஆலைகளும் இந்தப் பழக்கத்தின் பிள்ளைகள். வெளியிலிருந்து வந்த பொருளைக் கண்டு மலைத்து நிற்காமல், கழற்றிப் பார்த்து, "இதை நாமும் செய்யலாம்" என்று துணிந்த பழக்கம் அது. 2025இல் அவிநாசி சாலையில் திறந்த பெரிய மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடுவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். மகிழ்ச்சி. அவர் பெயர் தாங்கிய பாலத்தின்மேல் பேருந்தில் செல்லும் நம் காதில் பாட்டு ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்று கேட்கும் பழக்கம் மட்டும் நம்மிடம் இல்லையென்றால், பெயர் சூட்டி என்ன பயன்?

என்ன செய்யலாம்?

குறை சொல்லி முடிப்பது எளிது. வழியும் சொல்ல வேண்டும். நான்கு கருத்துகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

ஒன்று: பலகையை மாணவன் வாங்க வேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்தக் கூடாது. நூலகம் நூலைத் தருவதுபோல, இயற்பியல் துறை ஐந்தாறு பலகைகளை வாங்கி வைத்து, கையொப்பம் பெற்றுக்கொண்டு இரண்டு வாரத்துக்கு இரவல் தரலாம். ஆய்வகத்தில் பூட்டிய அலமாரிக்குள் பளபளக்கும் கருவியைவிட, மாணவர் கையில் கீறல் பட்ட கருவியே கற்பிக்கும்.

இரண்டு: அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கணிப்பொறிகள் எத்தனையோ வீடுகளில் உறங்குகின்றன. நினைவட்டையில் இயங்குதளத்தை எழுத என் அக்காவின் பழைய மடிக்கணினியே எனக்கு உதவியது. அவற்றை எழுப்புவோம்.

மூன்று: குறிப்புகள் தமிழில் வேண்டும். பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் நம்மில் பலர். அறிவில் குறைந்தவர்கள் அல்லர் நாம். ஆங்கிலத்தில் வரும் பிழைச் செய்தியைக் கண்டதும் கை நின்றுவிடுகிறது, அவ்வளவே. நான் செய்தவற்றை நாற்பது பக்கக் குறிப்பேட்டில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுவோர் துறையில் வாங்கிப் படிக்கலாம், பிழையிருந்தால் திருத்தலாம், அடுத்த பக்கத்தைத் தாங்களே எழுதலாம்.

நான்கு: மாணவியர் பங்கு. பிரித்துப் பூட்டுவது ஆண் பிள்ளைகளின் வேலை என்ற எண்ணம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. அலை பாதை மாறும் முறைக்குக் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் பெண் என்பதை மேலே கண்டோம். பலகை இரவல் தரும்போது முதல் பெயர் ஒரு மாணவியின் பெயராக இருக்கட்டும்.

"இதனால் வேலை கிடைக்குமா?" என்று சிலர் கேட்பார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்தக் கேள்வியை அலட்சியம் செய்யும் வசதி இல்லை. நான் அறிந்த அளவில் பதில் இதுதான்: பலகை எவருக்கும் வேலை தராது. ஆனால் நேர்முகத் தேர்வில் "புளூடூத் என்றால் என்ன?" என்று கேட்டால், படித்ததை ஒப்பிக்காமல் செய்ததைச் சொல்ல முடியும். செய்ததைச் சொல்லும் குரலில் ஓர் உறுதி இருக்கிறது. நம் வீடுகளில் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. எனவே நமக்கு அந்த உறுதியைப் பரம்பரையாகத் தர எவரும் இல்லை. அதை நாமேதான் நம் கைகளால் சம்பாதிக்க வேண்டும்.

என் தந்தையார் தறி ஓட்டுபவர் மட்டும் அல்லர். தறி நின்றால் எந்த இடத்தில் எந்த உறுப்பு தேய்ந்தது என்று ஓசையைக் கேட்டே சொல்லிவிடுவார். தாம் கையாளும் இயந்திரத்தை அவர் அறிவார். பட்டம் பெறப் போகிற நாம், நாள்தோறும் கையாளும் கைப்பேசியைப் பற்றி அந்த அளவாவது அறிந்திருக்க வேண்டும். வரும் கல்வியாண்டில் துறையின் அலமாரியில் முதல் பலகை வந்து சேரட்டும். இரவல் பதிவேட்டில் கையொப்பமிட நம் வகுப்பே வரிசையில் நிற்கட்டும்!